டிஜிட்டல் சமூகமா, சொந்த நாடா: எதை நம்பி எதில் சேருவது?

"இருக்கிற நாடு எனக்குச் சரிவரவில்லை. இணையத்தில் உள்ள ஒரு சமூகத்தில் சேர்ந்து அதையே என் நாடாக வைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டு எழுதுகிறார்கள். ஒருவருக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவதே பெரும்பாடாக இருக்கிறது. இன்னொருவருக்குத் தன் ஓட்டால் எதுவும் மாறுவதில்லை என்ற சலிப்பு. வேறொருவர் தன்னைப்போல் யோசிக்கிற சில நூறு பேரோடு ஒரே இடத்தில் வாழ ஆசைப்படுகிறார். கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேவை ஆளுக்கு ஆள் வேறு. அதனால் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சமூகங்கள் எனக்குப் பிடிக்கும். சிலவற்றில் வருடக்கணக்கில் நேரம் கொடுத்திருக்கிறேன். ஆனால் இன்றைக்கு இருக்கிற எதுவுமே ஒரு நாட்டுக்கு முழு மாற்று இல்லை. நாடு செய்யும் பல வேலைகளில் ஒன்றிரண்டை மட்டும் பிரித்தெடுத்து, சில சமயம் நாட்டைவிட நன்றாகவே செய்கின்றன. உங்களுக்கு எந்த வேலை நடக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

## எதை வைத்து எடைபோடுவது

நாடு என்றால் என்ன என்பதற்குச் சட்டம் படித்தவர்கள் 1933-இல் உருகுவேயின் மான்டிவிடியோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கையைக் காட்டுவார்கள். நிரந்தர மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன் ஆகிய நான்கும் அதில் உண்டு. ஆனால் எதில் சேரலாம் என்று யோசிக்கிற தனி மனிதருக்கு இந்த வரையறை பெரிதாக உதவாது. நான் கேட்டுப் பார்ப்பது இந்த ஐந்து கேள்விகள்:

1. பாதுகாப்பு: உங்கள் வாழ்க்கையின் மோசமான நாளில் யார் வருவார்கள்?
2. குரல்: ஓட்டு தலைக்கு ஒன்றா, பணத்துக்கு ஏற்பவா, ஓட்டே இல்லையா?
3. வெளியேறும் வழி: விலக நினைத்தால் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போக வேண்டும்?
4. பொறுப்பு: வழக்கோ நஷ்டமோ வந்தால் யார் தலையில் விழும்?
5. ஆயுள்: ஆரம்பித்தவர் போன பிறகும் அது நிற்குமா?

ஐந்தில் முதலாவதற்கே நான் அதிக எடை கொடுப்பேன். நல்ல நாளில் எல்லாச் சமூகமும் இனிக்கும்.

## 1. பிறந்த நாட்டின் குடியுரிமை

மற்ற எல்லாவற்றையும் ஒப்பிட இதுதான் அளவுகோல். வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் தூதரகக் கதவைத் தட்டலாம். கடனைத் திருப்பாதவர்மேல் வழக்குப் போடலாம். வென்றால் தீர்ப்பை நிறைவேற்ற ஆள் உண்டு. ஓட்டு தலைக்கு ஒன்று. கோடிக்கணக்கான பேரில் ஒருவர் என்பதால் அது மெலிந்ததுதான், ஆனாலும் காசு கொடுத்து இரண்டாவது ஓட்டு வாங்க முடியாது.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. இதில் நாம் விரும்பிச் சேருவதில்லை, பிறந்துவிடுகிறோம். வெளியேறுவதும் லேசில்லை, இன்னொரு நாடு ஏற்றுக்கொண்டால்தான் நடக்கும். அமெரிக்காவும் எரித்ரியாவும் தம் குடிமக்கள் உலகில் எங்கே இருந்தாலும் வரி கேட்கின்றன. சில நாடுகளில் கட்டாய ராணுவச் சேவை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, நாடே உங்களைக் கைவிடக்கூடும் என்பது. மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டம் ரோஹிங்கியா மக்களை நாடற்றவர்களாக்கியது. உலகில் எந்த நாட்டுக்கும் சேராதவர்களாகக் கணக்கில் வந்திருப்போர் மட்டுமே சுமார் 44 லட்சம் பேர் என்கிறது ஐ.நா. அகதிகள் அமைப்பு. கணக்கில் வராதவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

இந்த இடத்தில் நான்சென் பாஸ்போர்ட்டைச் சொல்லியாக வேண்டும். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு நாடிழந்து நின்றவர்களுக்காக 1922-இல் உலக நாடுகள் சங்கத்தின் அகதிகள் ஆணையர் ஃப்ரிட்ஜாஃப் நான்சென் முன்னெடுத்த அடையாளத் தாள் அது. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியும் எழுத்தாளர் நபக்கோவும் அதை வைத்திருந்தவர்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் அதை ஏற்றுக்கொண்டன. எல்லையில் உட்கார்ந்திருந்த அதிகாரி அதை வாங்கிப் பார்த்து முத்திரை குத்தினார். அந்தத் தாளுக்குப் பலம் அதுதான். இன்று யாராவது உங்களுக்கு 'உலகக் குடிமகன்' என்று டிஜிட்டல் அட்டை நீட்டினால் இதையே கேளுங்கள்: இதைக் காட்டினால் முத்திரை குத்துவது யார்?

## 2. ஒரு நாடே தரும் டிஜிட்டல் வாசல்: எஸ்டோனியாவின் இ-ரெசிடென்சி

வெளிநாட்டவருக்கு டிஜிட்டல் அடையாளம் தரும் இந்தத் திட்டத்தை எஸ்டோனியா 2014 டிசம்பரில் தொடங்கியது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாங்கியிருக்கிறார்கள். கையில் கிடைப்பது ஒரு சிப் அட்டை. அதில் புகைப்படம் கிடையாது. கைரேகை கொடுத்து, தூதரகத்திலோ குறிப்பிட்ட மையத்திலோ நேரில் போய் வாங்க வேண்டும். உறைக்குள் இரண்டு ரகசிய எண்கள் இருக்கும். நான்கு இலக்க எண் உள்ளே நுழைவதற்கு, ஐந்து இலக்க எண் கையெழுத்துப் போடுவதற்கு. அந்த ஐந்து இலக்கத்தைத் தட்டினால் பேனாவால் போட்ட கையெழுத்துக்குச் சமம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு கம்பெனியை வீட்டில் இருந்தபடியே பதிவு செய்துவிடலாம்.

பலர் ஏமாறுவது பெயரில்தான். ரெசிடென்சி என்று பெயர் இருந்தாலும் குடியிருக்கும் உரிமை இல்லை, விசா இல்லை, ஓட்டு இல்லை. நீங்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்களோ அந்த ஊர் வரித்துறைக்கு நீங்கள் இன்னும் அவர்கள் ஆள்தான். அரசுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு 'அவ்வளவுதானே' என்று நினைத்தவர்கள் அப்புறம் எஸ்டோனிய முகவரிச் சேவை, கணக்கர் கூலி, ஆண்டறிக்கை என்று வருடாவருடம் செலவழிப்பதைப் பார்த்திருக்கிறேன். வங்கிக் கணக்கும் உறுதியில்லை, வங்கி மறுத்தால் மறுத்ததுதான்.

ஆனாலும் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். 2017-இல் சிப்பில் பாதுகாப்புக் குறை தெரியவந்தது. எஸ்டோனியக் குடிமக்களின் அட்டைகளையும் சேர்த்துச் சுமார் 7,60,000 அட்டைகள் பாதிக்கப்பட்டன. அரசு அதை வெளிப்படையாகச் சொன்னது, சான்றுகளை நிறுத்திவைத்தது, இணையம் வழியாகவே புதுப்பிக்க வழி செய்தது. தப்பு நடந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருப்பது சின்ன விஷயம் இல்லை.

## 3. டோக்கன் வைத்து நடக்கும் டாவோ

டாவோ என்பது பிளாக்செயினில் (பல கணினிகளில் ஒரே நேரத்தில் இருக்கும் பொதுக் கணக்குப் பேரேடு) எழுதப்பட்ட விதிகளின்படி, டோக்கன் (அந்தப் பேரேட்டில் பதிவாகும் டிஜிட்டல் வில்லை) வைத்திருப்பவர்கள் ஓட்டுப்போட்டு ஒரு பொதுக் கஜானாவை நடத்தும் அமைப்பு. அலுவலகம் இல்லை, தலைவர் இல்லை, எல்லை இல்லை. படித்தவுடன் மனசு பறக்கிற யோசனை. எனக்கும் பறந்தது.

இதன் உச்சத்தையும் பள்ளத்தையும் ஒரே கதையில் பார்க்கலாம். 2021 நவம்பரில், அமெரிக்க அரசியலமைப்பின் மூல அச்சுப் பிரதி ஒன்று சோத்பீஸ் ஏலத்துக்கு வந்தது. முன்பின் தெரியாதவர்கள் கான்ஸ்டிடியூஷன் டாவோ என்று கூடி, ஒரே வாரத்தில் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 4.7 கோடி டாலர் திரட்டினார்கள். எந்த வங்கியும் எந்த அரசும் இதை இவ்வளவு வேகமாகச் செய்திருக்காது. ஆனால் ஏலத்தில் தோற்றார்கள். பிளாக்செயின் திறந்த புத்தகம். இவர்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது எதிரே ஏலம் கேட்டவர் உட்பட எல்லோருக்கும் தெரியும். அப்புறம் பணத்தைத் திருப்பித் தரும் கட்டம். நன்கொடையின் இடைநிலை அளவே 200 டாலர் சுற்றித்தான். அதைத் தன் வாலட்டுக்கு, அதாவது டிஜிட்டல் பணப்பைக்குத் திரும்ப எடுக்க, இவர்கள் பயன்படுத்திய ஈதரியம் என்ற பிளாக்செயினில் பரிவர்த்தனைக் கட்டணம் கட்ட வேண்டும். சிறுதொகை போட்டவர்கள் பலருக்குக் கட்டணமே பணத்தைத் தின்றுவிட்டது.

குரல் விஷயத்துக்கு வருவோம். நான் இருந்த ஒரு டாவோவில் நிதி ஒதுக்கீடு பற்றிய முன்மொழிவு வந்தது. படித்துப் புரிந்துகொள்ள ஒரு மணி நேரம் ஆனது. இரவு பதினொன்றுக்கு ஓட்டுப் போட்டேன். திரையில் இருந்த பட்டை துளிகூட நகரவில்லை. பத்து நிமிடத்தில் ஒரே ஒரு வாலட் வந்தது, பட்டை முழுதும் பச்சையாகிவிட்டது. விதிமீறல் எதுவும் இல்லை. அவரிடம் டோக்கன் அதிகம், அவ்வளவுதான். அந்தப் பட்டையைப் பார்த்தபோது வந்த வலி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ திட்டத்தில் ஒருவர் ஒரே பரிவர்த்தனைக்குள் முடியும் திடீர்க் கடன் வாங்கி, அந்தக் கடன் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான ஓட்டைப் பிடித்து, தானே வைத்த முன்மொழிவைத் தானே நிறைவேற்றி, கஜானாவைக் காலி செய்தார். இழப்பு சுமார் 18.2 கோடி டாலர். கள்ள ஓட்டு ஒன்றுகூட இல்லை, எல்லாம் வாடகைக்கு எடுத்த 'நல்ல' ஓட்டு.

'நிரல்தான் சட்டம்' என்ற நம்பிக்கையும் முன்பே சோதிக்கப்பட்டுவிட்டது. 2016-இல் 'தி டாவோ' என்ற ஆரம்பகால டாவோவில் இருந்து ஒருவர், ஈதரியத்தின் நாணயமான ஈதரில் சுமார் 36 லட்சத்தைக் கறந்துவிட்டார். நிரலில் இருந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தினார். நிரலே சட்டம் என்றால் அது திருட்டாகாது. ஆனால் ஈதரியம் சமூகத்தில் பெரும்பாலோர் கூடிப் பேசி, அந்த ஜூலையில் சங்கிலியையே, அதாவது பிளாக்செயினையே, இரண்டாகப் பிரித்து, பணத்தை மீட்டார்கள். ஒப்பாதவர்கள் பழைய சங்கிலியிலேயே தங்கினார்கள், அதுதான் ஈதரியம் கிளாசிக். அவர்கள் மீட்டது சரியென்றே நான் நினைக்கிறேன். ஆனால் நெருக்கடி வந்ததும் மனிதர்கள்தான் முடிவெடுத்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது.

பொறுப்புக்கு ஒரு உதாரணம் போதும். அமெரிக்காவில் முன்பேர வணிகத்தைக் கண்காணிக்கும் சி.எஃப்.டி.சி. என்ற அரசு அமைப்பு 2022-இல் ஊக்கி டாவோமீது வழக்குப் போட்டது. நோட்டீஸ் கொடுக்க முகவரி இல்லை. அதனால் இணையதளத்தின் உதவிச் சாட்பாக்ஸ் வழியாகக் கொடுத்தார்கள். நீதிமன்றம் அதை ஏற்றது. 2023-இல் 6,43,542 டாலர் அபராதம் விதித்தது. பதிவு செய்யாத சங்கமும் வழக்குக்கு உட்பட்டதே என்பது தீர்ப்பின் சாரம். அப்படிப்பட்ட சங்கத்தில் ஓட்டுப்போட்டவர்களையும் பொறுப்பு தொடலாம் என்ற பயம் அன்றிலிருந்து நிஜமானது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் அதற்கு முன்பே, 2021-இல், டாவோக்கள் கம்பெனியாகப் பதிவு செய்யச் சட்டம் கொண்டுவந்திருந்தது. நீங்கள் சேரும் டாவோ எங்காவது பதிவாகியிருக்கிறதா என்பது முதலில் பார்க்க வேண்டியது.

சாவியையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வாலட்களைத் திறப்பது 2,048 சொற்கள் கொண்ட பட்டியலில் இருந்து வரும் 12 அல்லது 24 சொற்கள். தாளில் எழுதி வைத்தது நனைந்துபோனால் முறையிட மேலிடம் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், எல்லை தாண்டி ஒரு குறிப்பிட்ட காரியத்துக்குப் பணம் திரட்டி, ஒவ்வொரு பைசாவையும் எல்லோரும் பார்க்கும்படி செலவழிக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. போட்ட பணம் முழுக்கப் போனாலும் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை என்கிற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## 4. மண்ணைத் தேடும் சமூகங்கள்

முதலில் இணையத்தில் கூடு, அப்புறம் உலகெங்கும் நிலம் வாங்கு, கடைசியில் நாடுகளிடம் அங்கீகாரம் வாங்கு. இதுதான் தொழில்முனைவர் பாலாஜி ஸ்ரீனிவாசன் 2022-இல் முன்வைத்த 'நெட்வொர்க் ஸ்டேட்' யோசனையின் சுருக்கம். இதன் முதல் படி அருமையாக நடக்கிறது. ஈதரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டெரின் 2023-இல் மான்டினீக்ரோவில் ஸுஸாலு என்ற பெயரில் சுமார் 200 பேரை இரண்டு மாதம் ஒன்றாக வாழவைத்தார். அதன்பின் அதேபோல் பல 'பாப்-அப்' ஊர்கள், அதாவது தற்காலிக ஊர்கள், வந்தன. ஆனால் அந்த இருநூறு பேரும் அங்கே வந்து இறங்கியது தத்தம் நாட்டுப் பாஸ்போர்ட்டில். எந்தப் பாஸ்போர்ட்டுக்கு விசா கஷ்டமோ அவர் இந்தச் சமூகத்திலும் கடைசி வரிசையில்தான் நிற்கிறார். தப்பிக்க வந்த ஏற்றத்தாழ்வு அவருக்கு வாசலிலேயே காத்திருக்கிறது.

இரண்டாவது படியில் மண் ஏற்கெனவே யாருடையதோவாக இருக்கிறது. ஹோண்டுராஸின் ரோவாட்டான் தீவில் எழுந்த ப்ரோஸ்பெரா என்ற தனியார் நகரம் 2013-ஆம் ஆண்டுச் சிறப்பு மண்டலச் சட்டத்தை நம்பிக் கட்டப்பட்டது. தனக்கென வரி, தனக்கென விதிமுறை, தனக்கென தகராறு தீர்க்கும் மன்றம். பக்கத்தில் கிராஃபிஷ் ராக் என்ற சின்னக் கிராமம். தங்கள் நிலம் பறிபோகுமோ என்று அங்குள்ளவர்கள் பயந்தார்கள். 2022-இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. 2024-இல் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்றும் சொல்லிவிட்டது. நிறுவனத் தரப்போ சர்வதேச நடுவர் மன்றத்தில் சுமார் 1,077 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. அது நாட்டின் ஆண்டு பட்ஜெட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அரசு வேண்டாம் என்று புறப்பட்டவர்கள் அரசுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில்தான் கடைசியில் அடைக்கலம் தேட வேண்டியிருந்தது. கிராஃபிஷ் ராக் மக்களுக்கு அந்தக் கதவும் கிடையாது. இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனசு அவர்கள் பக்கமே போகிறது.

யாருக்கும் சொந்தமில்லாத மண் என்று தேடிப் போன லிபர்லாந்தும் இப்படித்தான். 2015-இல் குரோஷியாவுக்கும் செர்பியாவுக்கும் நடுவே டான்யூப் கரையில் 7 சதுர கிலோமீட்டர் நிலத்தில் அறிவிக்கப்பட்டது. ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட அங்கீகரிக்கவில்லை, குடியேறப் போனவர்களைக் குரோஷியக் காவல்துறை பலமுறை தடுத்திருக்கிறது.

ஒரு வருடம் ஊர் ஊராகப் புதிய மனிதர்களோடு வாழ்ந்து பார்க்க ஆசை, கையில் நல்ல பாஸ்போர்ட்டும் சேமிப்பும் இருக்கிறது என்றால் பாப்-அப் ஊருக்குப் போங்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு அங்கே நிலம் வாங்க மட்டும் வேண்டாம்.

## 5. யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சமூகங்கள்

நாட்டுக்கு மாற்று என்று இவை தங்களைச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் ஆட்சி நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் நான் முதலில் இங்கேதான் அனுப்புவேன்.

டெபியன் 1993-இல் தொடங்கிய இயங்குதளத் திட்டம். 1998-இல் இருந்து அதற்கு எழுதிய அரசியலமைப்பு உண்டு. உலகெங்கும் சிதறிக்கிடக்கும் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைக்கு ஒரு ஓட்டுச்சீட்டு, வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி எழுதலாம். ஆரம்பித்த இயன் முர்டாக் 1996-இல் பொறுப்பில் இருந்து விலகினார், திட்டம் இன்றும் நிற்கிறது. ஆயுள் சோதனையில் முழு மதிப்பெண். இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று: ஒருவர் உண்மையான ஆள்தான் என்று உறுதி செய்ய உறுப்பினர்கள் நேரில் சந்தித்து, அரசு தந்த அடையாள அட்டையைப் பார்த்து, ஒருவரின் டிஜிட்டல் சாவிக்கு இன்னொருவர் டிஜிட்டலாகக் கையெழுத்திடுவது நெடுநாள் வழக்கம். மேசையின் ஒரு பக்கம் மடிக்கணினி, மறுபக்கம் பாஸ்போர்ட்.

மாஸ்டடான் போல, தனித்தனி சர்வர்கள் கூட்டாட்சியாக இணைந்த சமூக வலைத்தளங்களும் உண்டு. சர்வர் பிடிக்கவில்லையா, பின்தொடர்பவர்களோடு இன்னொன்றுக்கு மாறிவிடலாம். ஆனால் எழுதிய பதிவுகள் கூடவே வருவதில்லை. சர்வரின் பெயரும் ஏதோ ஒரு அரசின் கையில் இருக்கலாம். 2024 பிப்ரவரியில் க்வியர் டாட் ஏஎஃப் என்ற சர்வரின் முகவரியை ஆப்கானிஸ்தானின் தாலிபான் அரசு முடக்கியது, ஏனென்றால் 'ஏஎஃப்' ஆப்கானிஸ்தானின் இணையப் பின்னொட்டு.

இங்கே மறைந்திருக்கும் செலவு உழைப்பு. சர்வரைப் பராமரிப்பவரும் வசவுகளைப் படித்து நீக்குபவரும் சம்பளமில்லாமல் களைத்துப்போகிறார்கள். சேருகிறவர்கள் கொஞ்சமாவது சந்தா கட்டுங்கள்.

## ஒரே பார்வையில்

| | பாதுகாப்பு | குரல் | வெளியேறுவது | பொறுப்பு | ஆயுள் |
|---|---|---|---|---|---|
| சொந்தக் குடியுரிமை | உண்டு, நாடு கைவிடாதவரை | தலைக்கு ஒன்று | மிகக் கடினம் | நாடு ஏற்கும் | நீண்டது |
| இ-ரெசிடென்சி | தொழில் பதிவுக்கு மட்டும் | இல்லை | கம்பெனியை முறையாக மூடிவிட்டு | கம்பெனியோடு நிற்கும் | அந்த அரசின் விருப்பம் |
| டாவோ | இல்லை | டோக்கனுக்கு ஏற்ப | சுலபம், டோக்கனுக்கு விலை இருந்தால் | பதிவில்லாவிட்டால் உங்கள் தலையிலும் | கஜானா தீரும்வரை |
| மண் தேடும் சமூகம் | நிலத்துக்குரிய நாட்டைப் பொறுத்து | நிறுவனர் கை ஓங்கும் | நிலம் வாங்கினால் கடினம் | ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும் | இன்னும் நிரூபணமில்லை |
| பொதுச் சமூகம் | இல்லை | இடத்துக்கு இடம் மாறும் | சுலபம் | குறைவு | உழைப்பவர்கள் இருக்கும்வரை |

## மண்ணே போகப்போகிற ஒரு நாடு

நிலம் இல்லாமலும் நாடு இருக்க முடியுமா என்பதை உண்மையிலேயே தீர்க்க வேண்டிய கட்டாயத்தில் இருப்பது பசிபிக் தீவு நாடான துவாலு. கடல்மட்டம் உயர்கிறது. அதனால் 2022-இல் தன்னை டிஜிட்டல் நாடாகப் பதிந்து வைக்கப்போவதாக அறிவித்தது. 2023-இல், நிலம் போனாலும் நாடு தொடரும் என்று அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவோடு ஒப்பந்தமும் போட்டது. வருடத்துக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். 2025-இல் முதல் குலுக்கல் திறந்த சில நாட்களிலேயே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

## அப்படியானால் யாருக்கு எது?

வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவதுதான் பிரச்சினை என்றால் இ-ரெசிடென்சி. ஆனால் அதற்கு முன் உங்கள் ஊர் வரி ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

ஓட்டில் சலிப்பு வந்தவருக்கு டாவோவைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே சலிப்பு இன்னும் கூடும். தலைக்கு ஒரு ஓட்டு உள்ள பொதுச் சமூகம் ஒன்றில் ஆறு மாதம் வேலை செய்து பாருங்கள். விதி எழுதுவது, சண்டை தீர்ப்பது, தோற்றுப்போன பிறகும் கூடவே இருப்பது எல்லாம் அங்கே பழகும்.

பொதுக் காரியத்துக்குப் பணம் திரட்ட வேண்டியவருக்கு, பதிவு செய்த டாவோ. ஓட்டு யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். முதல் ஐந்து வாலட் சேர்ந்தால் பாதி தாண்டுகிறதா? அப்படியானால் அதைச் சமூகம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இவர்கள் எல்லோரையும்விட என் மனசில் நிற்பது நான்காவது ஆள். அவர் எந்த நாட்டுக்கும் சேராதவர், அல்லது நாடு கைவிட்டவர். டிஜிட்டல் நாடுகளின் அறிவிப்புகளில் அவர் பெயர் அடிக்கடி வரும். அவருக்கு இந்த ஐந்தில் எதையும் பதிலாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு வேண்டியது ஓர் அரசின் ஏற்பு. அதற்கான வழி ஐ.நா. அகதிகள் அமைப்பின் அலுவலகமும் குடியுரிமை வழக்குகள் தெரிந்த வக்கீலும்தான். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பெற்றோரின் பழைய தாள்கள், தடுப்பூசி அட்டை, எது இருந்தாலும் இன்றே படமெடுத்து, கடவுச்சொல் போட்டு, குறைந்தது இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். ஒன்று உங்கள் கைபேசியில் இருக்கட்டும், இன்னொன்று வேறு நாட்டில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம்.